உதாரணம் செல்லாது

ஜூன் 9

காலை: இட்லி ஒன்றரை. பதினோரு மணி: மோர் ஒரு டம்ளர். மதியம்: ரசம் சாதம், நாலு வாய். மாலை: ஒன்றும் வேண்டாம் என்றாள். வலி: காலையில் இல்லை. சாப்பிட்ட பிறகு முதுகுப் பக்கம் கொஞ்சம்.

தினமும் இப்படி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் திருநெல்வேலி டாக்டர். போன வருஷத்து டைரி ஒன்றை எடுத்துத் தேதியைத் திருத்திக்கொண்டேன். சாப்பாட்டுக் கணக்குக்கு நாலு வரி போதும். மீதிப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. புவியியல் ஆசிரியனாக இருந்த காலத்தில் கரும்பலகையில் ஒரு மூலையைக்கூட நான் சும்மா விட்டதில்லை. ஆகவே மீதியையும் எழுதுவேன்.

உலகு எட்டிப் பார்த்தாள். "தமிழ்லயே எழுதுங்க. டாக்டர் படிக்கணும்லா" என்றாள்.

உலகம்மாள் என் மனைவி. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். ஊரில் பாதிப் பேருக்கு டிரங்கால் போட்டுக் கொடுத்த குரல் அவளுடையது. தமிழிலேயே எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஜூன் 12

ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் ஒரு தடிப்பாம். தடிப்பு எத்தனையோ விதம். உதாரணத்துக்கு, என் முழங்கையில் ஒரு தடிப்பு வெகுகாலமாக இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கிறது.

வெளியே வந்து, "புண்ணுதானாம். மருந்துல ஆறிரும்னு சொல்லுதாரு" என்றேன்.

உலகு என் முகத்தைப் பார்த்தாள்.

"மோலி?" என்று கேட்டாள்.

"சேச்சே, இல்ல" என்று நான் தமிழில் சொன்னேன்.

தென்காசி வந்து சேரும்வரை பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மதியம்: தயிர் சாதம், அரைக் கிண்ணம்.

ஜூன் 13

மோலி என்றால், ஒருவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொல்லும் பொய். அப்படிப்பட்ட பொய்க்குத் தனியாக ஒரு சொல் வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. தமிழில் அகப்படவில்லை. நாங்களே உண்டாக்கிக்கொண்டோம்.

மழைத் தூறல் விழுகிறது. உலகு தூங்குகிறாள். முதலிலிருந்து சொல்ல நேரம் இருக்கிறது.

கல்யாணமான புதிதில் இந்த வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், ஆவுடை மதினி, என் தங்கைகள் என்று எல்லோரும் இருந்தோம். கூடம் ஒன்றுதான். பெண்டாட்டியிடம் "கோயிலுக்குப் போவமா?" என்று கேட்டால் நாலு திசையிலிருந்தும் பதில் வரும். ஒருநாள் நான் ஒரு சீட்டு எழுதிச் சமையலறையில் சீனி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். காலைக் காப்பி போடுகிறவள் உலகு. வேறு யாரும் அந்த டப்பாவைத் தூக்க மாட்டார்கள். ஒருவேளை தூக்கினாலும் படிக்க முடியாது. ஏனென்றால் அது நான் உண்டாக்கிய எழுத்து. வரைபடக் குறிகள்தான்: கிணறு, பாலம், ரயில் பாதை, வேலி, கோயில். ஒவ்வொரு குறியும் ஓர் எழுத்து. எதற்கு எது என்று முதல்நாளே அவள் காதில் சொல்லிவைத்திருந்தேன்.

மறுநாள் அதே இடத்தில் பதில் இருந்தது. "உங்கள் பாலமும் ரயில் பாதையும் ஒன்றுபோல இருக்கின்றன. ஒரு சொல் எழுதுவதற்குள் பால் பொங்கிவிடும்."

பிறகு அவளே எழுத்துகளைத் திருத்தினாள். பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதும்படி ஆக்கினாள். அதோடு விடவில்லை. "இது தமிழுக்கு வேற சட்டை போட்ட மாதிரிலா இருக்கு. ஆளு அதே ஆளுதான். பேசுதது எப்படி?" என்றாள். அப்படித்தான் மொழி ஆரம்பித்தது. ஓசைகளைத் தேர்ந்தெடுத்தது அவள். இரைச்சலான லைனில் எந்த ஓசை எதோடு குழம்பும் என்று அவளுக்குத் தெரியும். 'ந'வும் 'ம'வும் ஒன்றுபோலக் கேட்கும், ஆகவே 'ந' வேண்டாம். 'ப' காற்றாகப் போய்விடும், வேண்டாம். மிஞ்சிய கொஞ்சம் ஓசைகளைக் கொண்டு சொற்களைக் கட்டினோம். சீனி டப்பாவின் நினைவாக அதற்குச் 'சீனி' என்று பெயர் வைத்தோம்.

சிலர் வயலின் வாசிக்கிறார்கள், சிலர் ரோஜா வளர்க்கிறார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாலையில் காப்பியை வைத்துக்கொண்டு சீனிக்குச் சொல் செய்வதுதான் எங்கள் பொழுதுபோக்கு.

உதாரணத்துக்குச் சில சொல்கிறேன். டவோ: ஆற்றி வைத்து, பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோன காப்பி. லெமரா: விருந்தாளிகள் கிளம்பிப் போய்க் கதவைச் சாத்தியதும் வருகிற நிம்மதி. ரமேல்: மழை வரப்போவது தெரிந்தும் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க எழுந்திருக்காத சோம்பல். ஈலோ: நீ. சீனியில் 'நீங்கள்' கிடையாது. அது உலகுவின் கட்டளை. தமிழில் இன்றுவரை அவள் என்னை நீ என்றதில்லை. சீனியில் ஒருநாளும் நீங்கள் என்றதில்லை.

ஒரு சொல் சேர்வதற்கு விதி உண்டு. சொல்லைச் செய்தவர் ஒரே ஒருமுறை அர்த்தம் சொல்லலாம். அதற்கப்புறம் அவர் அதை வாயால் எடுக்கக் கூடாது. மற்றவர்தான் முதலில் பயன்படுத்த வேண்டும். அதுவும் நிஜமான தேவை வந்தபோது, தானாக. சொன்ன உடனே செய்தவர், டிரங்கால் போட்டுக் கொடுக்கும்போது உலகு சொல்வதுபோலவே, "லைன் கிடைச்சுட்டு!" என்று சொல்வார். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். ரமேல் நான் செய்தது. உலகு ஒரு மழைக்காலம் முழுக்க அதைச் சொல்லாமல் எழுந்து எழுந்து துணி எடுத்தாள்.

விதியில் ஒரு வரி எனக்கென்றே சேர்த்தது. வாத்தியார் புத்தி, எனக்கு ஒரு சொல் கிடைத்தால் உடனே வாக்கியத்தில் வைத்துக் காட்டிவிடுவேன். அவள் தலையை ஆட்டுவாள். "உதாரணம் செல்லாது."

சேர்ந்த சொற்களை ஒரு பழைய பள்ளிக்கூட வரைபடத்தின் பின்பக்கத் துணியில் மையால் எழுதி வைத்திருக்கிறோம். முன்பக்கம் தென் அமெரிக்கா.

ஆவுடை மதினிக்கு அந்தக் காலத்திலேயே எங்கள் மேல் சந்தேகம். ஒரு சீட்டை எடுத்துக்கொண்டுபோய் மந்திரவாதியிடம் காட்டிவிட்டாள். அவன் பார்த்ததும், "இது மலையாளத்துச் செய்வினை" என்று அடித்துச் சொல்லி, வாசலில் பூசணிக்காய் உடைக்க வைத்தான். அந்தச் சீட்டில் நான் எழுதியிருந்தது: 'சாயங்காலம் அல்வா வாங்கி வருகிறேன். நமக்கு மட்டும்.'

ஜூன் 20

காலை: கஞ்சி, அரை டம்ளர். குற்றாலத்தில் நல்ல தண்ணீராம். இங்கேயும் சாரல்.

ஜூன் 27

திருநெல்வேலி போனோம். டாக்டர் இந்த டைரியைப் புரட்டிப் பார்த்தார். சாப்பாட்டு வரிகளை மட்டும் படித்தார் என்றே நம்புகிறேன். பிறகு உலகுவையும் உட்கார வைத்துக்கொண்டே பேசினார்.

"வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கிடுங்க சார். வலி இல்லாம இருக்க மருந்து தாறேன். அம்மா ஆசைப்பட்டதச் சாப்பிடட்டும்."

அவர் சின்னப் பையன். எனக்கு மாணவனாக இருந்திருக்கக்கூடிய வயது. அனுபவம் போதாது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே புது மருந்துகள் வந்திருக்கும். என்னிடம் படித்த ஒருவன் அந்தப் பக்கம் இருக்கிறான், போன் செய்திருக்கிறேன்.

உலகு டாக்டருக்குக் கும்பிடு போட்டாள். "நல்லது தம்பி. உள்ளதச் சொன்னீங்க" என்றாள்.

ஜூலை 2

உலகு இன்று கொஞ்சம் தெளிவாக இருந்தாள். கீரை ஆய்ந்தாள். மதினி பக்கத்தில் உட்கார்ந்து முறத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போனபிறகு மதினி வீட்டின் முன்பகுதியில் தனியாக இருக்கிறாள். முழங்கால் வலி என்று எங்கேயும் போவதில்லை. எங்களைத் திட்டுவதற்கு மட்டும் எழுந்து வருவாள்.

"புதுசா ஒரு வார்த்தை வச்சிருக்கேன்" என்றாள் உலகு.

"ஆரம்பிச்சுட்டாளா?" என்றாள் மதினி. "ஏட்டி, உடம்பு இப்பிடிக் கெடக்கையிலயும் அந்தப் பிசாசு பாஷைய விட மாட்டியா?"

"நீயும் கேளு யக்கா. உனக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "சங்கரன்கோவில் தபசுத் திருவிழாவுக்குப் போனமே, ஞாபகம் இருக்கா? திரும்பி வரையில கூட்டம். ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிட்டு ஏறப் பாத்தோம். ரெண்டு பேராலயும் ஏற முடியல. அப்புறம் நீங்க கைய விட்டீங்க. நான் முன்னால ஏறிக் கர்சீப்பப் போட்டு இடம் பிடிச்சேன். கண்டக்டர், 'யாரும்மா வாரா, ஆளையே காணும்'னு சத்தம் போட்டான். நான் கர்சீப்ப எடுக்கல. பஸ் நகண்டபெறகு ஓடிவந்து ஏறினீங்க."

"ஆமா. செருப்பு ஒண்ணு போச்சு."

"அப்ப கைய விட்டீங்கள்லா. விடுதவரு சொல்லுத வார்த்தை இது. 'நீ முன்னால போயி இடம் பிடி. நான் பின்னால வாறேன்.' அவ்வளவுதான். வெலாரோ."

விதிப்படி அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அழகான சொல். அவள் செய்கிற சொற்கள் எப்போதும் வாயில் நிற்கும். நான் சென்னைக்கு ரயில் டிக்கெட் இருக்கிறதா என்று விசாரிக்கப் போய்விட்டேன்.

ஜூலை 5

ரத்தப் பரிசோதனைக்குப் போய்த் திரும்பும்போது பஸ் நிலையத்தில் நல்ல கூட்டம். ஆட்டோ வேண்டாம் என்று உலகுதான் சொன்னாள். பஸ் வந்து நின்றது. ஒரு நல்ல மனுஷன் அவளைப் பார்த்து வழிவிட்டான். அவள் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குச் சட்டென்று தோன்றியது, இதுதான் சந்தர்ப்பம்.

"வெலாரோ!" என்றேன், சத்தமாக.

அவள் ஏறி, பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துக் காத்திருந்தாள். நான் போய் உட்கார்ந்தேன். 'லைன் கிடைச்சுட்டு' வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"என்ன உலகு? சரியாத்தான சொன்னேன்? பஸ்ஸு, கூட்டம், நீ முன்னால, நான் பின்னால."

"உதாரணம் செல்லாது" என்றாள்.

"இது உதாரணமா? நிஜ பஸ்ஸுலா!"

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு மெலிந்த மடி.

மதியம்: இளநீர். மாலை: இளநீர்.

ஜூலை 10

சண்டை. எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

சென்னையில் இடம் கிடைத்துவிட்டது. வந்து சேருங்கள், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினேன். உலகு பின்வாசலில் நாற்காலி போட்டு, சாரலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். ஜலதோஷம் பிடித்தால் பயணம் கெட்டுப்போகும்.

"அங்க போனா என்ன செய்வாங்க?" என்றாள்.

"ஊசி மருந்து ஏத்துவாங்க."

"ஏத்துனா?"

"கொஞ்ச நாள் கூடும்லா."

"எந்த நாளுங்க? கட்டில்ல டியூப்போட கெடக்குத நாளா? இந்தா, இது ஒரு நாளு. மழை பெய்யுது. எனக்கு வலி இல்ல. காலு நனையுது. இத எடுத்துக் குடுத்துட்டு அத வாங்கணுமா?"

"நீ என்ன சொல்லுத? ஒண்ணுமே செய்யாம கையக் கட்டிக்கிட்டு இருக்கச் சொல்லுதியா?"

"கையக் கட்டச் சொல்லல. விடச் சொல்லுதேன்." காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள். "அதுக்குத்தான வார்த்தை குடுத்தேன்."

நான் பெட்டியை மூடிவிட்டு வெளியே நடக்கப் போய்விட்டேன். கோயில் வாசல்வரை போய்த் திரும்பினேன். காற்று அங்கே எப்போதும்போல ஆளைத் தள்ளியது.

திரும்பி வந்தபோதும் அவள் அதே இடத்தில்தான் இருந்தாள். "ஈலோ" என்று கூப்பிட்டாள். எனக்குக் காதில் விழாதது போல உள்ளே போனேன்.

ஜூலை 14

உலகு சம்மதித்துவிட்டாள். காலையில் நான் முகம் கழுவிவிட்டு வரும்போது, "சரிங்க. போவோம்" என்றாள். ஏன் மனசை மாற்றிக்கொண்டாய் என்று கேட்டேன். "நீங்க பெறவு கெடந்து நெனைக்கக் கூடாதுல்லா, கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னு" என்றாள்.

எப்படியோ, நல்ல முடிவு. இனி எல்லாம் சரியாகும்.

ஆச்சரியம் என்னவென்றால் மதினியும் வருகிறேன் என்கிறாள்.

"நீங்க எதுக்கு மதினி? முழங்காலை வச்சுக்கிட்டு?"

"ஏன், முழங்காலுக்குத் தனி டிக்கெட்டா கேக்கான்?"

"அங்க மாடி ஏறணும், எறங்கணும்."

"நான் ஏறுவேன், உருளுவேன். உங்களுக்கு என்ன கொழுந்தப்பிள்ள? பொம்பளைக்குப் பொம்பளை தொணை வேண்டாமா?"

இத்தனை வருஷமாகத் திருநெல்வேலிக்கே வர மாட்டேன் என்று சொன்னவள். இரண்டு பேரும் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். மதினி வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயம் உரித்தேன் என்றாள். இன்று வெங்காயக் குழம்பு இல்லை.

ஜூலை 16

ரயிலில் எழுதுகிறேன். கடையநல்லூர் தாண்டும்வரை உலகு மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மலை முழுக்க மேகம் மூடியிருந்தது. இருந்தாலும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 19

காலை: ஒன்றுமில்லை, பரிசோதனை. மதியம்: ஒன்றுமில்லை, பரிசோதனை. மாலை: ரொட்டி, கால் பாகம். வாந்தி.

ஜூலை 22

ஊசி மருந்து ஆரம்பம். எல்லோரும் அன்பாகப் பேசுகிறார்கள். பெரிய டாக்டர், "பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்பது நம்பிக்கையான சொல். உதாரணத்துக்கு, நான் வகுப்பில் ஒரு பையனைப் பற்றி 'பார்க்கலாம்' என்று சொன்னால் அவன் தேறிவிடுவான் என்று அர்த்தம்.

எப்போதும் அப்படி இல்லை.

ஜூலை 25

தலை வாரிவிடும்போது உதிர்ந்த உலகுவின் முடி தலையணையில். மதினி அதைப் பொறுக்கிச் சுருட்டித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். நர்ஸ் குப்பைத் தொட்டியைக் காட்டினாள். "உன் வேலையப் பாரும்மா" என்றாள் மதினி.

ஜூலை 29

"ஊருல மழை பெய்யுதா?" என்று கேட்டாள் உலகு. குரல் காற்றாகத்தான் வருகிறது. இரைச்சலான லைனுக்கென்று தேர்ந்தெடுத்த ஓசைகள் என்பதால் சீனி மட்டும் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. தமிழில் பாதி எழுத்து காணாமல் போகிறது.

"சாரல் நின்னுட்டாம். வெயிலடிக்காம். நாம ஒண்ணும் தவற விடல" என்றேன். உண்மையில் பக்கத்து வீட்டுக்காரர் போனில், இந்த வருஷம் போல சாரல் பார்த்ததில்லை என்று சொல்லியிருந்தார்.

"மோலி" என்றாள். இந்த முறை கேள்வியாக இல்லை. லேசாகச் சிரித்தாள்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். எல்லா மோலிக்கும் சேர்த்து ஆட்டினேன்.

ஆகஸ்ட் 2

தண்ணீர், ஸ்பூனில்.

"ஈலோ" என்றாள். குனிந்தேன். அதற்குமேல் சொல் வரவில்லை. என் கைமேல் அவள் கை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் "டிரிப்ஸ் முடியப் போகுது, நர்ஸைக் கூப்பிடுதேன்" என்று எழுந்தேன். மதினி தன் ஸ்டூலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 4

கண் திறக்கவில்லை. மருந்தின் மயக்கம் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 6

மதியம் பெரிய டாக்டர் வந்தார். இனிமேல் ஊசி வேண்டாம் என்றார். திருநெல்வேலிப் பையன் ஜூன் மாதத்தில் சொன்னதையே வேறு சொற்களில் சொன்னார். நான் அதற்குள் அவளுடைய சாரலை எல்லாம் செலவழித்துவிட்டிருந்தேன்.

அவர் போனபிறகு கட்டில் அருகே உட்கார்ந்தேன். முகத்தில் மாஸ்க். மூச்சு ஏறுகிறது, வெகுநேரம் யோசிக்கிறது, இறங்குகிறது. அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸ் பெண், "சார், கையக் கொஞ்சம் விடுங்க சார். இவ்ளோ இறுக்கிப் பிடிச்சா அவங்களுக்கு ரத்தம் ஓடாது" என்றாள்.

பார்த்தேன். என் விரல் தடம் அவள் கையில் வெள்ளையாகப் பதிந்திருந்தது.

விட்டேன். விரல் விரலாகத்தான் விட முடிந்தது. நர்ஸ் தன் வேலையை முடித்துவிட்டுப் போனாள். நான் திரும்பப் பிடிக்கவில்லை. அவள் காதருகே குனிந்தேன்.

"உலகு, வெலாரோ" என்றேன்.

இந்த முறை உதாரணம் இல்லை. அது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் விதிப்படி அவள் பதில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சொல் சேரும். சொல்லாவிட்டால் நான் வாயைத் திறந்து காற்றை விட்டதுதான் மிச்சம். மாஸ்க்குக்குள் மூச்சு ஏறியது. யோசித்தது. இறங்கியது. நான் காத்திருந்தேன். வகுப்பில் மெதுவாகப் பதில் சொல்லும் பிள்ளைகளுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பேனோ, அதைவிட அதிக நேரம்.

லேட்டாகிவிட்டது என்று புரிந்தது.

"லைன் கிடைச்சுட்டு."

எனக்குப் பின்னாலிருந்து. திரும்பினேன். ஆவுடை மதினி ஸ்டூலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பாக்கீக? சரியாச் சொன்னனா? லைன் கிடைச்சுட்டு. அதான?"

நான் உலகுவைப் பார்த்தேன், மறுபடி மதினியைப் பார்த்தேன்.

"அவதான் சொன்னா. அன்னைக்கு, கதவச் சாத்திக்கிட்டு. 'யக்கா, அவுகளுக்கு எல்லாமே லேட்டாத்தான் வரும். எனக்கு வாய் இருக்கையில சொல்ல மாட்டாக. நான் போகுத நேரத்துலதான் சொல்லுவாக. அப்ப பதிலுக்கு ஆள் இல்லாம நின்னுட்டு இருப்பாக. நீ சொல்லிரு'ன்னா. எனக்கு ஒரு எழவும் புரியல. இருந்தும் அந்த வார்த்தையக் காதுல ஏத்தி வச்சுக்கிட்டேன். இதுக்குத்தான் நான் இந்த மொட்டை வெயிலு ஊருக்கு வந்ததே. இல்லன்னா எவ இந்த உப்புத் தண்ணிய குடிப்பா? நீங்க வாயத் தொறக்குத போதெல்லாம் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். 'நர்ஸு, டிரிப்ஸு முடிஞ்சுட்டு'ங்கதத் தவிர உங்க வாயில வேற ஒண்ணு வரணுமே!"

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அந்த முந்தானையில்தான் முடி இருந்தது.

உலகு கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. விரல் அசைந்தது போல இருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. உறுதியாகத் தெரியாததை எழுத மாட்டேன். மோலி ஆகிவிடும்.

ஆகஸ்ட் 7

காலை:

ஆகஸ்ட் 10

தென்காசி. எல்லாம் முடிந்தது. எங்கள் வழக்கத்தில் பெண்கள் ஆற்றங்கரைக்கு வருவதில்லை. மதினி வந்தாள். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்திருக்கும். முந்தானையில் முடிந்ததை அவிழ்த்து ஆற்றில் விட்டாள்.

ஆகஸ்ட் 24

வரைபடத்தை எடுத்துக் கூடத்தில் விரித்தேன். துணியில் இன்னும் இடம் இருக்கிறது, அர்ஜென்டினாவுக்குப் பின்னால். சொல்லைச் செய்தவர்தான் எழுத வேண்டும் என்பது வழக்கம். ஆகவே அவளுடைய கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரே இழுப்பில், பேனாவை எடுக்காமல், வெலாரோ என்று எழுதினேன்.

மதினி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். வரைபடத்தைச் சுற்றி நடந்து பார்த்தாள்.

"இம்புட்டும் வார்த்தையா?"

"ஆமா மதினி."

"இதுல என்னத் திட்டுனது எது?"

லெமராவைக் காட்டினேன். அர்த்தம் சொன்னேன். மதினியின் தம்பி குடும்பம் வந்து தங்கிவிட்டுப் போனபோது பிறந்த சொல். அவள் வெகுநேரம் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் தன் பகுதிக்குப் போனாள். நான் வரைபடத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது காப்பி டவோ.

அதை யாரிடம் சொல்ல? சீனி பேச ஆள் இல்லை என்பதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. என்னை நீ என்று சொல்ல இனி ஒருவரும் இல்லை. அண்ணன் போய்விட்டார், அப்பா அம்மா இல்லை. ஊர் முழுக்க எனக்கு 'சார், வாங்க', 'சார், போங்க'. ஒரே ஒரு வாய்தான் என்னை ஈலோ என்றது. அன்று பின்வாசலில் அது கூப்பிட்டது. நான் உள்ளே போனேன்.

சாரல் போய்விட்டது. பின்வாசல் நாற்காலியை இன்னும் எடுத்து வைக்கவில்லை.

செப்டம்பர் 11

மிச்சமிருந்த வலி மாத்திரைகளைத் திருநெல்வேலி டாக்டரிடம் கொடுக்கப் போனேன். இல்லாதவர்கள் யாருக்காவது உதவும் என்று போனில் சொல்லியிருந்தார். இந்த டைரியையும் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் எழுதச் சொன்னது அல்லவா? அவரிடம் காட்டவில்லை.

திரும்பும்போது பஸ் நிலையத்தில் கூட்டம். எப்படியோ முண்டியடித்து ஏறி இரண்டு பேர் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உட்கார்ந்த கையோடு தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்து இடத்தில் போட்டிருக்கிறேன். போட்டது எனக்கே தெரியாது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

"ஐயா, இங்க ஆள் வருதா?"

துண்டைப் பார்த்தேன். வெளியே கூட்டத்தைப் பார்த்தேன். பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா. உக்காரு" என்றேன்.

துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இடம் பிடித்து வைக்கிற வேலை என்னுடையது இல்லை. அது அவளுடையது. கண்டக்டர் எத்தனை சத்தம் போட்டாலும் கர்சீப்பை எடுக்க மாட்டாள்.